காவலூர் தொலைநோக்கிகளில் இரவு முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். நடத்துவது பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கிய இடம். 1972-ல் 1 மீட்டர் ஜெய்ஸ், 1986-ல் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி, 2014-ல் 1.3 மீட்டர் ஜே. சி. பட்டாச்சார்யா தொலைநோக்கி என்று வளர்ந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்கள் வெளிப்பட்டதில் இங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு.

இவை எல்லாம் பொதுக் கருவிகள். இன்று ஒருவர் முறை, நாளை மறுநாள் வேறொருவர் முறை. முதல்தடவை மலையேறும் ஆய்வு மாணவர்கள் கேட்பவற்றுக்கான பதில்கள் கீழே. எண் வரம்புகள் கருவிக்குக் கருவி மாறும். கட்டுப்பாட்டு அறையில் எழுதி வைத்திருப்பதே இறுதியானது.

நல்ல ஆய்வுத் திட்டம்தான், ஆனாலும் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. ஏன்?

பெரும்பாலும் காரணம் அறிவியல் அல்ல, நாள்காட்டி. இங்கே தெளிந்த இரவுகள் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நம்பகமாகக் கிடைக்கும். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை. வல ஏற்றம் (வானத்தின் தீர்க்கரேகை போன்றது) 18 மணியிலிருந்து 0 மணி வரை உள்ள பொருள்கள் நள்ளிரவில் உச்சிக்கு வருவது ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை, அதாவது மழைக்காலத்தில். அவற்றை மட்டுமே பட்டியலிட்ட விண்ணப்பம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் நேர ஒதுக்கீட்டுக் குழு தயங்கும்.

விண்ணப்பத்தில் இருக்க வேண்டியவை: ஒவ்வொரு பொருளின் ஆயங்கள் (வானத்தில் அதன் முகவரி), பொலிவெண், எந்த வடிகட்டி அல்லது நிறமாலைமானி, தேவையான சிக்னல் அளவு, அதற்கான எக்ஸ்போஷர் கணக்கு, நிலா எவ்வளவு வரை பரவாயில்லை என்பது. எக்ஸ்போஷர் நேரத்தோடு சிசிடியை (கேமராவின் ஒளியுணர் சில்லை) படித்தெடுக்கும் நேரம், தொலைநோக்கியைத் திருப்பும் நேரம், அளவுத்திருத்த விண்மீன்கள் எல்லாம் சேர்ந்துதான் ஓர் இரவு. இவற்றைக் கூட்டாமல் '8 மணி நேரமும் என் பொருளுக்கே' என்று எழுதுபவர் இரவைக் கண்டதில்லை என்று குழுவுக்கு உடனே தெரிந்துவிடும்.

உயரமும் குறைவு, ஈரமும் அதிகம். பிறகு ஏன் காவலூர்?

அட்சரேகைக்காக. 12.5 பாகை வடக்கில் இருப்பதால் தென்வானம் வெகுதூரம் தெரிகிறது. அகத்திய நட்சத்திரம் இங்கே ஏறத்தாழ 25 பாகை உயரம் ஏறுகிறது. லடாக்கில் இதே நிறுவனத்தின் ஹான்லே வானாய்வகத்தில் அதுவே 4 அல்லது 5 பாகைதான். ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து இங்கே 30 பாகை, அங்கே 10 பாகை. வறண்ட வானமும் உயரமும் வேண்டுமானால் ஹான்லே. தெற்கு வேண்டுமானால் காவலூர்.

பௌர்ணமியை ஒட்டிய இரவுகளைக் கொடுத்திருக்கிறார்கள். வீணா?

உயர் பிரிதிறன் நிறமாலைக்கு வீணே இல்லை. பொலிவான விண்மீனின் ஒளியை நுணுக்கமாகப் பிரிக்கும்போது வானப் பின்னணி பெரிதாகக் குறுக்கிடாது. மங்கலான விண்மீன்மண்டலத்தை நீல வடிகட்டியில் படமெடுக்க வந்திருந்தால்தான் சிக்கல்.

மாலையில் எத்தனை மணிக்கு வேலையைத் தொடங்க வேண்டும்?

சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு கட்டுப்பாட்டு அறையில் இருங்கள். முதலில் முந்தைய இரவின் பதிவேட்டைப் படியுங்கள். ஏதாவது மாற்றப்பட்டிருந்தால் அங்கேதான் இருக்கும். அடுத்து சிசிடியைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் நிரப்பல், சிசிடி வெப்பநிலை, வடிகட்டிச் சக்கரத்தில் எந்த இடத்தில் எந்த வடிகட்டி என்ற சரிபார்ப்பு, பத்துப் பதினைந்து பயாஸ் படங்கள் (ஒளி படாமல், பூஜ்ஜிய எக்ஸ்போஷரில் எடுப்பவை).

பிறகு, ஈரப்பதமும் வானமும் அனுமதித்தால், சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே டோமின் (தொலைநோக்கிக்கு மேலுள்ள சுழலும் கூரையின்) கதவை கிழக்குப் பக்கமாகத் திறந்து வையுங்கள். தொலைநோக்கி ஆடியின் மூடி மட்டும் மூடியே இருக்கட்டும். பகலில் உள்ளே தேங்கிய வெந்த காற்று வெளியேற வேண்டும். ஆடியின் கண்ணாடி சுற்றுக்காற்றைவிட ஒரு பாகை சூடாக இருந்தாலும் அதன் மேல் காற்று கொதிக்கும் சோற்றுப்பானை ஆவிபோல் அலையும். வானம் அமைதியாக இருந்தும் விண்மீன் பூத்துத் தெரிவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

ஈரப்பதம் 88 சதவீதம்தான். ஏன் மூடச் சொல்கிறார்கள்?

இரவுப் பணியாளரோடு நடக்கும் வாக்குவாதங்களில் பாதி இதைப் பற்றியதே. மூடும் வரம்பு பொதுவாக 85-க்கும் 90-க்கும் இடையில் இருக்கும். காரணம் எளிய கணக்கு. காற்று 20 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் பனிபடு நிலை (காற்றின் ஈரம் நீராகக் கோக்கும் வெப்பநிலை) 18.3 பாகை. இடைவெளி 2 பாகைகூட இல்லை. தெளிந்த வானத்தைப் பார்த்து நிற்கும் உலோகம் வெப்பத்தை வெளிவிட்டுச் சுற்றுக்காற்றைவிட ஓரிரு பாகை குளிர்ந்துவிடும். ஆகவே மானி 100 காட்டும் முன்பே டோமின் உட்பக்கத்தில் நீர் கோத்து, ஆடி மேல் சொட்டத் தொடங்கும். அலுமினியப் பூச்சில் படிந்த தூசியோடு நீர் சேர்ந்தால் கறை. அந்தக் கறை ஊதினால் போகாது.

மூடியபின் வரம்புக்குக் கீழே இறங்கிய உடனே திறக்காதீர்கள். அரை மணி நேரம் நிலையாக இருக்கிறதா பாருங்கள். டோம் கதவின் விளிம்பைக் கையால் தொட்டு, ஈரம் காய்ந்ததா என்றும் பாருங்கள். இந்த விஷயத்தில் இறுதிச் சொல் இரவுப் பணியாளருடையது. இரவு உங்களுடையதுதான், ஆடி அப்படியல்ல.

ஆயங்களைச் சரியாகக் கொடுத்தும் விண்மீன் பார்வைப் புலத்தில் இல்லை.

முதலில் கடிகாரம். வானம் நேர நொடிக்கு 15 கோண நொடி நகர்கிறது; கணினிக் கடிகாரம் 4 நொடி பிந்தினால் 1 கோண நிமிடம் தவறிவிடும். ஜிபிஎஸ் நேரத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். அடுத்து ஆயங்களின் ஆண்டு: 2000-க்கான ஆயமா, இன்றைய தேதிக்கு மாற்றியதா? பூமியின் அச்சு மெதுவாகத் தலையாட்டுவதால் ஆண்டுக்கு 50 கோண நொடி வரை நகர்வு உண்டு. கால் நூற்றாண்டில் அது 20 கோண நிமிடத்தைத் தாண்டும். இரண்டும் சரி என்றால், பக்கத்தில் உள்ள பொலிவான விண்மீனுக்குப் போய் நடுவில் நிறுத்தி, அங்கே நிலையைப் புதுப்பித்துவிட்டுத் திரும்புங்கள். மின்தடைக்குப் பிறகு இது கட்டாயம்.

தவறான விண்மீனில் நிலையைப் புதுப்பிப்பதுதான் பெரிய விபத்து. அதன்பின் ஒவ்வொரு பொருளும் தவறும். கருவி கெட்டுவிட்டதாகத் தோன்றும். புதுப்பிக்கும் முன் புலப்படத்தோடு (அந்த வானப்பகுதியின் விண்மீன் வரைபடத்தோடு) குறைந்தது மூன்று விண்மீன்களையாவது ஒப்பிடுங்கள்.

எண்ணெய் பம்பு ஓடினால்தான் தொலைநோக்கி நகரும் என்கிறார்களே, அது என்ன?

2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்பது லாட வடிவத் தாங்கியில். அட்சரேகை குறைவானதால் துருவ அச்சு கிட்டத்தட்டப் படுத்தே இருக்கிறது. வடக்கு முனையில் உள்ள பெரிய லாடம் எண்ணெய்த் திண்டுகள் மேல் மிதக்கிறது. அழுத்தத்தோடு செலுத்தப்படும் எண்ணெய், உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் மெல்லிய படலமாகப் பரவி முழு எடையையும் தூக்குகிறது. அதனால்தான் அவ்வளவு பெரிய இயந்திரத்தைச் சிறிய மோட்டார் சீராகச் சுழற்ற முடிகிறது.

அழுத்தம் வராமல் நகர்த்தினால் திண்டு லாடத்தைக் கீறும். கீறலைச் சரிசெய்வது நாள்கணக்கான வேலை அல்ல, மாதக்கணக்கான வேலை. ஆகவே பம்பைப் போட்டு, அழுத்தமானி நிலைத்த பிறகே இயக்கம். குளிர்ந்த இரவில் எண்ணெய் கெட்டியாகி அழுத்தம் ஏறும். எண்ணெய் வடிகட்டி அடைத்தாலும் ஏறும். இரண்டையும் பிரித்தறிய, பம்பு போட்ட நேரம், அழுத்தம், வெப்பநிலை மூன்றையும் ஒன்றாகக் குறியுங்கள்.

மாலையில் துல்லியமாக ஃபோகஸ் செய்தேன். நள்ளிரவில் எல்லா விண்மீனும் வீங்கியிருக்கிறது.

வளிமண்டலத்தைப் பழிக்கும் முன் வெப்பமானியைப் பாருங்கள். 2.34 மீட்டர் ஆடியின் குவிய விகிதம் 3.25, குவிய நீளம் 7.6 மீட்டர். தொலைநோக்கிச் சட்டத்தின் எஃகு ஒரு பாகைக்கு மீட்டருக்கு 12 மைக்ரான் சுருங்கும். மாலையிலிருந்து 5 பாகை குளிர்ந்தால் அந்த நீளத்துக்கு 0.45 மில்லிமீட்டர் குறையும். ஆடியின் கண்ணாடிப்பீங்கானோ ஏறத்தாழ விரிவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. ஆகவே குவியம் இருந்த இடத்திலேயே இருக்க, கேமரா மட்டும் நகர்ந்துவிடுகிறது. முதன்மைக் குவியத்தில் (பெரிய ஆடி நேரடியாக ஒளியைக் குவிக்கும் இடத்தில்) 1 மில்லிமீட்டர் 27 கோண நொடிக்குச் சமம். கணக்குப் போட்டால் விண்மீன் உருவம் கிட்டத்தட்ட 4 கோண நொடிக்கு வீங்கும். 2 கோண நொடி கிடைக்கக்கூடிய இரவு அப்படியே போயிற்று.

ஒவ்வொரு 2 பாகை மாற்றத்துக்கும், அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஃபோகஸை மறுபடி பாருங்கள். ஏழு நிலைகளில் ஒரே விண்மீனை 5 முதல் 10 நொடி எடுத்து, அகலத்தை அளந்து, வளைவின் அடிப்பகுதியில் நிறுத்துங்கள். எப்போதும் ஒரே திசையிலிருந்தே அந்த நிலைக்கு வாருங்கள். திருகின் தளர்வு அப்போதுதான் ஏமாற்றாது. வடிகட்டியின் தடிமன் வேறுபட்டால் ஃபோகஸும் மாறும்.

எஷெல் (உயர் பிரிதிறன்) நிறமாலையில் ஒளி எண்ணிக்கை திடீரென்று பாதியாகிவிட்டது.

மேகம் இல்லையென்றால், விண்மீன் இழையை விட்டு நழுவியிருக்கிறது. முதன்மைக் குவியத்தில் பிடித்த ஒளியை, தனி அறையில் உள்ள நிறமாலைமானிக்கு 45 மீட்டர் ஒளியிழை கொண்டுபோகிறது. இழையின் விட்டம் 100 மைக்ரான், வானத்தில் 2.7 கோண நொடி. கைடிங் (விண்மீனை இழையின் நடுவிலேயே பிடித்துவைப்பது) 1 கோண நொடி தவறினாலே ஒளி வெளியே சிந்தும். 30 பாகை உயரத்தில் வளிமண்டலம் விண்மீனை 100 கோண நொடி தூக்கிக் காட்டுகிறது. அந்த அளவும் இரவு நகர நகர மாறும். ஆகவே தெற்கே தாழ்ந்த பொருள்களுக்கு ஒரு மணி நேர எக்ஸ்போஷர் வேண்டாம். 20 அல்லது 30 நிமிடத் துண்டுகளாக எடுங்கள். காஸ்மிக் கதிர்த் தடங்களை நீக்கவும் அது உதவும். ஒவ்வொரு பொருளுக்கு முன்னும் பின்னும் அலைநீளத்தை அளவுத்திருத்தத் தோரியம்-ஆர்கான் விளக்குப் படம் ஒன்று.

ஃப்ளாட் படங்களை (சீரான ஒளியில் எடுக்கும் அளவுத்திருத்தப் படங்களை) காலையில் எடுத்துக்கொள்ளலாமா?

காலையில் மேகம் வராது என்று யார் உறுதி சொல்வது? மாலையிலும் எடுங்கள், காலையிலும் எடுங்கள். இந்த அட்சரேகையில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால் அந்தி சட்டென்று முடிந்துவிடும். உருப்படியான ஒளி இருப்பது கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மாலையில் யு, பி (புறஊதா, நீலம்) வடிகட்டிகளை முதலில் முடித்துவிட்டு வி, ஆர் (பச்சை-மஞ்சள், சிவப்பு) பக்கம் போங்கள், காலையில் தலைகீழ். 16 பிட் கேமராவானால் 20,000 முதல் 30,000 எண்ணிக்கை போதும். 5 நொடிக்குக் குறைந்த எக்ஸ்போஷரில் ஷட்டர் இதழ்களின் நிழல் பதிந்துவிடும். படங்களுக்கு நடுவே தொலைநோக்கியைச் சற்றே நகர்த்தினால், படங்களை இணைக்கும்போது விண்மீன்கள் கழிந்துபோகும்.

ஃப்ளாட்டில் உளுந்துவடை வடிவ வளையங்கள் தெரிவது வடிகட்டியிலும் சாளரத்திலும் உள்ள தூசி. அவை பிரச்சினை இல்லை. ஃப்ளாட் எடுத்தபின் யாராவது வடிகட்டியைக் கழற்றி மாட்டினால்தான் பிரச்சினை: வடை ஓரிடம், நிழல் வேறிடம்.

திரவ நைட்ரஜனை நானே ஊற்றலாமா?

பயிற்சி பெற்றபின், இன்னொருவர் கூட இருக்கும்போது. பாதுகாப்புக் கண்ணாடி, தளர்வான கையுறை, மூடிய காலணி கட்டாயம். தளர்வு எதற்கென்றால், உள்ளே திரவம் புகுந்தால் உதறிவிட முடிய வேண்டும். முதலில் கொஞ்சமாக ஊற்றி, சீறல் அடங்கியபின் மெதுவாக நிரப்புங்கள். பெரும்பாலான டிவார் (வெற்றிடச் சுவர் உள்ள) குடுவைகளுக்கு மாலை ஒருமுறை, காலை ஒருமுறை.

கை சுடுவதைவிடப் பெரிய ஆபத்து மூச்சு. 1 லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும். 3 மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள மூடிய அறையில் 10 லிட்டர் சிந்தினால் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 16-க்கு இறங்கிவிடும், 19.5-க்குக் கீழேயே அபாயம். மூச்சுத் திணறல் தோன்றாது, மயக்கம்தான் நேராக வரும். கதவைத் திறந்து வைத்தே ஊற்றுங்கள்.

டிவாரின் வெளிப்பக்கம் வியர்த்தாலோ உறைபனி பிடித்தாலோ உள்ளே வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். மேலும் மேலும் ஊற்றிச் சமாளிக்க வேண்டாம். சிசிடி மேல் பனி படியும். முழுவதும் சூடேறவிட்டு, பிறகே வெற்றிடப் பம்பை இணைக்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது வால்வைத் திறந்தால் வெளி ஈரம் மொத்தமும் உள்ளே போய் உறையும்.

ஆடியில் தூசி தெரிகிறது. துணியால் துடைக்கலாமா?

கூடாது. வாயால் ஊதவும் கூடாது. அலுமினியப் படலத்தின் தடிமன் 100 நானோமீட்டர். 2.34 மீட்டர் ஆடியின் பரப்பு முழுவதும் ஒட்டியிருக்கும் அலுமினியத்தை எடைபோட்டால் ஒரு கிராமுக்குச் சற்றே மேல் வரும். மணல்துகளோடு துணி ஒருமுறை நகர்ந்தால் போதும்.

தூசிக்குக் கரியமிலவாயுப் பனி உண்டு. ஆடியைச் சாய்த்து, மேலிருந்து கீழாக, திரவக் கரியமிலவாயு உருளையிலிருந்து வரும் பனித்துகளைத் தூவினால் தூசி பெயர்ந்து உருளும். ஆடி குளிர்வதால் ஈரமான நாளில் இதைச் செய்தால் பனி நீர் படியும். வறண்ட நண்பகலே உகந்தது. பூச்சி எச்சம், மகரந்தம் போன்றவை இதற்கு மசியாது. அவற்றுக்கு மென்சோப்பும் வடிநீரும் கொண்டு, தன் எடையிலேயே இழுபடும் பஞ்சால் கழுவ வேண்டும்.

அதுவும் போதாதபோது மறுபூச்சு. ஆடியைத் தொட்டிலோடு இறக்கி, பழைய படலத்தைக் காரக் கரைசலில் கரைத்து, வடிநீரில் அலசி, உலர்த்தி, வெற்றிடக் கலனில் வைப்பார்கள். டங்ஸ்டன் சுருள்களில் தொங்கும் அலுமினியத் துண்டுகள் ஆவியாகிப் படிவது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மற்ற நாள்களெல்லாம் சுத்தம் செய்வதற்குத்தான். விரல்ரேகை ஒன்று விட்டுப்போனால் படலம் அங்கே உரியும். புதுப்பூச்சு கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 88 சதவீதத்துக்கு மேல் திருப்பும். அது 80-க்கு இறங்கினால் முதன்மை, துணை என்ற இரண்டு ஆடிகளுக்கும் சேர்த்து 77-லிருந்து 64 சதவீதம். அந்த இரண்டையும் பயன்படுத்தும் எல்லோருடைய எக்ஸ்போஷரும் ஐந்தில் ஒரு பங்கு நீளும்.

கருவியை மாற்றிய பிறகு விண்மீன்கள் கோடாக இழுபடுகின்றன.

சமநிலையைப் பாருங்கள். மோட்டார் மின்னோட்டம் இரு திசைகளிலும் எவ்வளவு என்று அளந்தால் எந்தப் பக்கம் கனக்கிறது என்று தெரியும். முழுக்கச் சமமாக இருந்தாலும் பற்சக்கரம் இடைவெளியில் ஆடும். கிழக்குப் பக்கம் மிகச் சிறிதளவு கனமாக வைத்தால் பல் எப்போதும் ஒரே பக்கம் அழுந்தியிருக்கும். கருவியைக் கழற்றும்போது முதலில் தொலைநோக்கிக் குழாயை உச்சியில் பூட்டுங்கள், பிறகே போல்ட்டைத் தொடுங்கள்.

இடி மின்னல் வருகிறது. என்ன வரிசை?

இடி காதில் விழும்வரை காத்திருக்க வேண்டாம். ஆடி மூடி, டோம் கதவு, தொலைநோக்கியை ஓய்வு நிலையில் நிறுத்தல், கேமராவின் மின்சாரத்தையும் செப்புத் தரவுக் கம்பியையும் சுவரிலிருந்து பிடுங்கல். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஒளியிழைத் தொடர்பு இருந்துவிட்டுப் போகட்டும். மின்சாரமே போய்விட்டால் டோம் கதவைக் கையால் சுற்றி மூட வேண்டும். அந்தக் கைப்பிடி எங்கே தொங்குகிறது என்பதை மாலை வெளிச்சத்திலேயே பார்த்து வையுங்கள்.

பதிவேட்டில் எந்தத் தேதியைப் போடுவது?

உலக நேரம் மட்டும். நம் நேரம் 5.30 மணி முன்னால் இருப்பதால் இந்தியாவில் ஒரு வசதி உண்டு: மாலை 5.30 முதல் மறுநாள் விடியற்காலை 5.30 வரை உலக நேரத்தில் ஒரே தேதி. ஜூலியன் நாளும் (வானியலாளர் தொடர்ச்சியாக எண்ணிவரும் நாள் எண்) நமக்கு மாலை 5.30-க்குத்தான் மாறும். ஆக முழு இரவுக்கும் ஒரே எண். காலை ஃப்ளாட் மட்டும் பெரும்பாலும் அடுத்த தேதிக்குத் தாவும். கோப்பு தொலைந்துவிட்டதாகத் தேடுபவர்கள் தேடுவது அதைத்தான்.

ஒவ்வொரு படத்துக்கும் கோப்பு எண், பொருள், வடிகட்டி, தொடக்க நேரம், எக்ஸ்போஷர், சீயிங் (காற்றின் அலைவால் விண்மீன் உருவம் பரவும் அளவு). ஃபிட்ஸ் (படக் கோப்பு) தலைப்பில் எல்லாம் வந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். தலைப்பில் பொருளின் பெயர் முந்தைய பொருளுடையதாகவே இருந்துவிடுவது அன்றாடத் தவறு. நீங்கள் மாற்றியது எதுவானாலும், ஒரு திருகை அரைச்சுற்று திருப்பியிருந்தாலும், எழுதுங்கள். எழுதாத அரைச்சுற்றைக் கண்டுபிடிக்க அடுத்தவருக்கு ஓர் இரவு போகும்.

எலியும் பூச்சியும் உண்மையிலேயே தொல்லையா?

மலைக்காட்டில் இல்லாமல் இருக்குமா? எலி கேபிள் உறையைக் கடிக்கும், பல்லி வரம்புச் சுவிட்சில் ஒடுங்கும், சிலந்தி என்கோடரின் (கோணம் அளக்கும் கருவியின்) ஒளிப்பாதையில் வலை பின்னும். டோமுக்குள் தின்பண்டம் வேண்டாம், வெள்ளை விளக்கு வேண்டாம். விட்டில்கள் வெளிச்சத்துக்கு வரும், வந்தவை ஆடியில் விழும்.

இரவு முழுக்க மேகம். தூங்கலாமா?

வானத்தை அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து பாருங்கள். மேகமானி தவறவிடும் இடைவெளிகள் கண்ணுக்குத் தெரியும். நடுநேரத்தில் டார்க் படங்கள் (ஷட்டரை மூடியபடி எடுப்பவை), விளக்கொளியில் 5,000 முதல் 60,000 எண்ணிக்கை வரை நேர்கோட்டுச் சோதனை (ஒளி கூடும் அளவுக்கே எண்ணிக்கையும் கூடுகிறதா என்று பார்ப்பது), ஷட்டர் தாமத அளவீடு ஆகியவற்றை எடுங்கள். இவை பின்னால் வருபவர்களுக்கும் பயன்படும், தெளிந்த இரவில் யாரும் எடுக்கமாட்டார்கள். மூடியிருந்த நேரத்தை மணி, நிமிடத்தோடு குறியுங்கள். படுக்கப் போகும் முன் டிவாரை நிரப்பிவிட்டுப் போங்கள். நாளை மாலை வானம் தெளிந்து சிசிடி சூடாக இருந்தால், குளிர்விக்கவே பல மணி நேரம் பிடிக்கும்.